காசு கொடுத்து வாங்கியதைத் திறந்தால் அது திருட்டா?



கொஞ்சம் நீளமான பதிவு. பாதி படித்துவிட்டு “அருமை சார்” என்று போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். 34 வருஷம் விடைத்தாள் திருத்தியவன் நான். முழுதாகப் படியுங்கள். அதற்குப் பிறகு திட்டுவதென்றாலும் திட்டுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தம்பி மகன் ஒரு படம் போட்டான். பழைய பிளேஸ்டேஷன் 2 பெட்டி, பக்கத்தில் ஒரு பென்டிரைவ், பின்னால் டிவியில் கிரிக்கெட் ஆட்டம். கீழே, “ஹோம்பிரூ போட்டு அப்பாவோட பெட்டிக்கு உயிர் வந்தாச்சு. உதவி: பெரியப்பா” என்று எழுதியிருந்தான்.

முதலில் என் தங்கச்சி போன் போட்டாள். “எண்ணே, ஹோம்பிரூன்னா வீட்டுல சாராயம் காய்ச்சுறதாம்லா? ஓய்வு பெத்த வாத்தியாருக்கு இது தேவையா?” சிரித்து முடிக்க அஞ்சு நிமிஷம் ஆயிற்று. அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு அப்படியும் ஓர் அர்த்தம் உண்டு, அவள் மேல் தப்பில்லை. இங்கே அதற்கு அர்த்தம் வேறு. ஒரு கருவியைச் செய்த நிறுவனத்தின் அனுமதி முத்திரை இல்லாமல், ஆர்வமுள்ளவர்கள் தாங்களே எழுதி வெளியிடுகிற மென்பொருளுக்கு ஹோம்பிரூ என்று பெயர்.

அடுத்து வந்ததுதான் சிரிப்பாக இல்லை. பெங்களூரில் மென்பொருள் கம்பெனியில் இருக்கிற மருமகன் ஒருவர் குழுவில் எழுதினார்: “மாமா, இது பைரசி. சின்னப் பிள்ளைகள் இருக்கிற குரூப்பில் இதைப் போடலாமா? எங்களுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தானே.” அதற்குக் கீழே 14 பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். அதில் 3 பேர் என்னிடம் படித்தவர்கள். மருமகன் கேட்டது நியாயமான கேள்வி. யோசிக்காமல் தூக்கிய அந்த 14 விரல்தான் என்னை எழுத உட்கார வைத்தது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் தம்பி கப்பலில் மோட்டார்மேனாக இருந்தவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். வருஷத்தில் ஒன்பது மாசம் கடலில். 2007-ல் ஊருக்கு வரும்போது துபாயில் இந்தப் பெட்டியை வாங்கி வந்தான். கூடவே நாலு டிஸ்க். பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒன்றிரண்டு என்று 11 டிஸ்க் சேர்ந்தது. எல்லாம் கம்பெனி டிஸ்க். அந்தக் காலத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் 50 ரூபாய்க்குக் கள்ள டிஸ்க் கிடைத்தபோதும் அவன் வாங்கவில்லை. “எங்க வேர்வைக்கு நான் கூலி கேக்கேம்லா, இதைச் செஞ்சவனும் கேப்பாம்லா” என்பான். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்திருந்த நாட்களைக் கணக்குப் போட்டால், பாதிக்கு மேல் அந்தப் பெட்டிக்கு முன்னால் கழிந்திருக்கும்.

தம்பி போய் மூன்று வருஷம் ஆகிறது. பெட்டி பரணில் கிடந்தது. இந்தப் பொங்கலுக்குப் பையன் அதை இறக்கினான். மின்சாரம் வந்தது, படம் வந்தது, டிஸ்க் மட்டும் படிக்கவில்லை. உள்ளே டிஸ்க்கைப் படிக்கிற லென்ஸ் போய்விட்டது. இத்தனை வருஷம் கழித்து, நம்ம ஊர் உப்புக்காற்றில், அது போனதில் ஆச்சரியமில்லை. பழுது பார்க்கிற ஓர் இடத்துக்குக் கொண்டுபோனோம். திறந்துகூடப் பார்க்காமல், “இதுக்கெல்லாம் பார்ட்ஸ் கிடையாது சார். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க” என்றார்கள். பையன் ஒன்றும் பேசாமல் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டான்.

அவன் கவலை பெட்டியைப் பற்றி இல்லை. அந்த 8 எம்பி மெமரி கார்டில் ‘கிரிக்கெட் 07’ ஆட்டத்தில் ஒரு டெஸ்ட் தொடர் பாதியில் நிற்கிறது. தம்பி கடைசியாகக் கப்பல் ஏறுவதற்கு முந்தின ராத்திரி அப்பாவும் மகனும் ஆடி நிறுத்தியது. அந்த டிஸ்க் ஓடினால்தான் அந்தத் தொடரைக் கண்ணால் பார்க்க முடியும்.

என் மாணவன் ஒருவன் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். 10-ம் வகுப்பில் என்னிடம் அடி வாங்கியதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறவன். அவன்தான் வழி சொன்னான்.

வகுப்பில் சொல்கிற மாதிரியே சொல்கிறேன், கேளுங்கள். பிளேஸ்டேஷன் 2-வை ஆன் செய்தவுடன், மெமரி கார்டில் தனக்கு ஏதாவது புது மென்பொருள் வந்திருக்கிறதா என்று அது ஒருமுறை பார்க்கும். செய்த நிறுவனமே தன் திருத்தங்களுக்காக வைத்த வாசல் அது. அந்த வாசல் வழியாகத்தான் ‘ஃப்ரீ மெக்பூட்’ என்கிற சின்ன ஹோம்பிரூ மென்பொருள் உள்ளே போகிறது. பெட்டியைப் பிரிக்க வேண்டாம், சிப் எதுவும் ஒட்ட வேண்டாம். கார்டைக் கழற்றினால் பெட்டி பழையபடி. கடைசியாக வந்த மாடல்கள் சிலவற்றில் இந்த வாசலை அடைத்துவிட்டார்கள். தம்பி வாங்கியது அதற்கு முந்தையது. உள்ளே போன பிறகு ‘ஓபன் பிஎஸ்2 லோடர்’ என்ற இன்னொரு மென்பொருள், டிஸ்க்கிலிருந்து வர வேண்டிய ஆட்டத்தை யுஎஸ்பி வழியாக எடுத்துக் கொடுக்கிறது. இரண்டுமே இலவசம்.

மாணவன் தன் கடையில் கிடந்த வேறொரு பழைய பெட்டியை வைத்து, ஒரு புது மெமரி கார்டில் இதை ஏற்றினான். தம்பியின் கார்டைத் தொடவே இல்லை. புதுக் கார்டு முதல் துளையில், தம்பியின் கார்டு இரண்டாவது துளையில். டிஸ்க்குகளைக் கணினியில் போட்டு ஒவ்வொன்றாக நகல் எடுத்தோம். அந்தக் காலத்து யுஎஸ்பி மெதுவானது என்பதால் முன்னுரைப் படங்கள் விக்கி விக்கி ஓடுகின்றன. ஆட்டம் ஓடுகிறது. 11-ல் 9 டிஸ்க் நகலாயின. 2 டிஸ்க் கீறல் விழுந்து போயிருந்தன.

இதுதான் நடந்தது. இதில் யாருடைய பொருளை யார் திருடினார்கள்?

மருமகனுக்குச் சொல்கிறேன். உங்கள் வாதம், “பூட்டு போட்டிருக்கிறார்கள், அதைத் தாண்டினால் தப்பு” என்பது. பூட்டு யாருடைய வீட்டில் இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? நம்ம ஊர் முத்துக்குளிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் முத்துப் பார் முழுக்க அரசாங்கத்தின் சொத்து. குளித்து எடுத்த சிப்பியைக் கரையில் மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு, ஒரு குவியல் குளித்தவனுக்கு. அநியாயமான பங்கீடு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு குவியல் அவனுடையது. கரையிலேயே விற்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறக்கலாம். 1961-ல் இங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. மூச்சை அடக்கிக் கடலுக்குள் போனவனின் பங்கு என்று ஒன்று இருப்பதை அந்த ராஜாங்கமே ஒத்துக்கொண்டது.

இன்றைக்குப் பெட்டியை விற்கிறவர்கள் மூன்று குவியலுக்கும் காசு வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு நம் வீட்டுக்குள் வந்து, நம் குவியலை நாம் எந்தக் கத்தியால் திறக்கலாம் என்றும் அவர்களே சொல்கிறார்கள். அந்தக் கத்தியையும் கடையில் விற்பதை நிறுத்திவிட்டார்கள். பிளேஸ்டேஷன் 2 தயாரிப்பு 2013 தொடக்கத்தோடு முடிந்துபோனது. 15 கோடிக்கும் மேல் விற்ற பெட்டி அது. அத்தனை வீட்டிலும் லென்ஸ் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது.

வ.உ.சி.யை இதில் இழுப்பேன் என்று எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும். ஒரு விளையாட்டுப் பெட்டிக்காக அவர் பெயரைச் சொல்வது மரியாதை இல்லை.

“கம்பெனி அனுமதித்தால் சரி, இல்லையென்றால் தப்பு” என்கிறவர்களுக்கு ஒரு செய்தி. இதே பெட்டியில் லினக்ஸ் போட்டு நீங்களே நிரல் எழுதலாம் என்று விசைப்பலகை, மவுஸ், ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேர்த்து ஒரு தொகுப்பை ஜப்பானில் 2001-லும் மற்ற நாடுகளில் 2002-லும் சோனியே விற்றது. அடுத்து வந்த பிளேஸ்டேஷன் 3-லும் வேறு இயங்குதளம் போட்டுக்கொள்ள வசதி வைத்திருந்தது. 2010 ஏப்ரல் 1-ம் தேதி வந்த ஒரு அப்டேட்டில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். அப்டேட் வேண்டாம் என்றால் இணையத்தில் ஆட முடியாது. அமெரிக்காவில் வாங்கியவர்கள் வழக்குப் போட்டு, கடைசியில் பணம் கொடுத்து சமரசம் ஆனது. முந்தின நாள் வரை சரியாக இருந்த காரியம், ஒரு கம்பெனி மனசு மாறியதால் மறுநாள் ஒழுக்கக்கேடு ஆகிவிடுமா? ஒழுக்கம் என்பது அப்டேட்டில் வருகிற சரக்கா?

டிஸ்க் இல்லாமல் வாங்கியவர்கள் கதை இன்னும் மோசம். நின்டெண்டோவின் ‘வீ’ பெட்டிக்கான இணையக் கடையை 2019 ஜனவரியில் மூடினார்கள். ‘வீ யு’, ‘3டிஎஸ்’ கடைகளை 2023 மார்ச் 27-ல் மூடினார்கள். அந்தப் பெட்டிகளுக்காக அங்கே மட்டுமே கிடைத்த ஆட்டங்களைக் காசை நீட்டினாலும் வாங்க முடியாது.

இனி சட்டம். நான் வக்கீல் இல்லை. படிக்கத் தெரிந்தவன். நம் நாட்டின் 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 52-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. எவையெல்லாம் மீறல் ஆகாது என்று பட்டியல் போடுகிற பிரிவு. அதில் ‘ஏஏ’ உட்பிரிவு, கணினி நிரலை முறையாக வைத்திருப்பவர் அது தொலைந்தோ கெட்டோ போகாமலிருக்கக் காப்பு நகல் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. ‘ஏடி’ உட்பிரிவு, முறையாகப் பெற்ற சொந்தப் பிரதியிலிருந்து வணிக நோக்கமில்லாத சொந்த உபயோகத்துக்கு நகல் எடுக்கலாம் என்கிறது. 2012-ல் பூட்டு உடைப்பதைப் பற்றி 65ஏ என்று புதுப் பிரிவு சேர்த்தார்கள். இரண்டு வருஷம் வரை சிறை, அபராதம். ஆனால் யாருக்கு? உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தவருக்கு. சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காகச் செய்தால் அந்தத் தண்டனை பொருந்தாது என்று அதே பிரிவு சொல்கிறது. இன்னொருவருக்கு அப்படி உதவி செய்கிறவர், உதவி பெற்றவரின் பெயர், முகவரி, காரணம் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

அதனால் என் மாணவன் கடையில் ஒரு 40 பக்க நோட்டு வாங்க வைத்து, முதல் பக்கத்தில் தம்பி மகன் பெயர், முகவரி, காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வைத்தேன். “சார், நீங்க மாறவே இல்ல” என்றான். எதற்கு மாறணும்?

ஆட்டத்துக்குள் இசையும் படமும் இருக்கின்றன, அவற்றுக்கும் நிரலுக்கான விதியே பொருந்துமா என்று ஒரு வக்கீல் கேட்டால் அது வாதாட வேண்டிய விஷயம்தான். மறைக்கவில்லை. ஆனால் “திருட்டு” என்று ஒரே வார்த்தையில் முடிக்கிற அளவுக்கு நம் சட்டம் முட்டாள்தனமாக எழுதப்படவில்லை.

இப்போது எதிர்ப்பக்கத்துக்கு வருகிறேன். மருமகன் எழுதிய அதே நாளில் இன்னொரு பழைய மாணவர் தனியாகச் செய்தி அனுப்பினார்: “சார், எதுக்கு ஒவ்வொரு டிஸ்க்கா காப்பி எடுத்துக் கஷ்டப்படுறீங்க? 200 ஆட்டம் ஏத்துன ஹார்ட் டிஸ்க் ஆன்லைன்லயே விக்கான். வாங்கிச் சொருகுங்க.” நல்ல மனசோடு சொன்னார். ஆனால் அதுதான் திருட்டு. அந்த 200 ஆட்டத்தில் எதற்கும் அவர் காசு கொடுக்கவில்லை. அதை விற்கிறவன் எதையும் உருவாக்கவில்லை. ஹோம்பிரூ எழுதியவர்கள் இலவசமாகக் கொடுத்த உழைப்பையும், ஆட்டம் செய்தவர்களின் உழைப்பையும் சேர்த்துக் கூறுபோட்டு விற்கிறான். ஃப்ரீ மெக்பூட் ஒரு அரிவாள்மனை மாதிரி. மீன் நறுக்கவும் ஆகும், வம்பு இழுக்கவும் ஆகும். வம்பு இழுத்தவனைக் கேளுங்கள். மீன் நறுக்குகிறவளை ஏன் கேட்கிறீர்கள்?

எங்களுக்கும் சோதனை வந்தது. கீறல் விழுந்த 2 டிஸ்க்கில் ஒன்று ‘தேசி அட்டா’. கபடி, கில்லி, பட்டம் விடுவது என்று நம் நாட்டு விளையாட்டுகளை வைத்து 2009 வாக்கில் ஹைதராபாத்தில் செய்தது. தம்பி ஆசையாக வாங்கியது. பையன் கேட்டான்: “பெரியப்பா, டிஸ்க் நம்மகிட்ட இருக்கு. அதே ஆட்டம் நெட்ல கிடக்கு. இறக்கினா என்ன தப்பு?” ஒரு ராத்திரி யோசித்தேன். நம் பிரதியிலிருந்து நகல் எடு என்றுதான் சட்டம் சொல்கிறது. வேறு யாரோ ஏற்றி வைத்ததை எடுப்பது அதில் வராது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் வாடியது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. காசு கொடுக்கத் தயாராக இருக்கிறோம், கடை வைத்து விற்க ஆளில்லை. காசு கொடுக்கிறவனை நிற்க வைத்துவிட்டு, கொள்ளையடிக்கிறவனுக்கு வழி விடுகிற ஏற்பாடு இது.

இந்த ஒரு டிஸ்க் விஷயம் சின்னதில்லை. இந்தியாவில் உருவான முதல் பிளேஸ்டேஷன் 2 ஆட்டம் ‘ஹனுமான்: பாய் வாரியர்’, 2009-ல் ஹைதராபாத்தில் செய்தது. பிறகு 2011-ல் ‘ரா.ஒன்’, 2013-ல் ‘டான் 2’ வந்தன. நம் பிள்ளைகள் இந்தத் தொழிலில் எடுத்துவைத்த முதல் அடிகள் இவை. ஆட்டம் சுமாராகவே இருக்கட்டும், சரித்திரம் சரித்திரம்தானே. நம் நாட்டில் ஒரு புத்தகம் அச்சிட்டால், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954-லேயே சட்டம் போட்டார்கள். அது புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும்தான். விளையாட்டு டிஸ்க்குக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. டிஸ்க் கீறல் விழுந்தால், லென்ஸ் தேய்ந்தால், கதை முடிந்தது.

நகல் எடுப்பது என்றாலே திருட்டு என்று நினைக்கிற தமிழன், நம் பழைய நூல்கள் எப்படி வந்து சேர்ந்தன என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். ஓலை சில நூறு வருஷத்தில் செல்லரித்துப் போகும். அதற்குள் யாரோ ஒருவர் புது ஓலையில் பெயர்த்து எழுதினார். அவருக்குப் பின் இன்னொருவர். அந்தச் சங்கிலி அறுபடாமல் வந்ததால்தான் உ.வே.சாமிநாதையர் 1892-ல் சிலப்பதிகாரத்தை அச்சில் கொண்டுவர முடிந்தது. பெயர்த்து எழுதாத ஓலைகள் எங்கே? அவற்றின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

நான் கேட்பது மூன்றே விஷயம்.

ஒன்று, ஒரு பெட்டியைக் கைவிடுகிற நிறுவனம், அதன் பூட்டைத் திறக்கிற வழியையும் வாங்கியவர்களிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். விற்கவும் மாட்டேன், பழுது பார்க்கவும் மாட்டேன், நீ தொடவும் கூடாது என்பது வியாபாரம் இல்லை.

இரண்டு, புத்தகத்துக்கு இருக்கிற நூலகச் சட்டம் இந்த நாட்டில் உருவாகும் விளையாட்டுகளுக்கும் வரட்டும். என் மாணவர்களில் இரண்டு பேர் அரசுப் பணியில் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். உங்களைத்தான் பார்க்கிறேன்.

மூன்று, உங்களுக்கு. பரணில் இப்படி ஏதாவது பெட்டி கிடந்தால் இறக்குங்கள். டிஸ்க்கைத் துடைத்துக் கணினியில் போட்டுப் பாருங்கள், படிக்கும்போதே நகல் எடுங்கள். மெமரி கார்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் யாருடைய பாதி ஆட்டம் இருக்கிறதோ. 200 ஆட்ட ஹார்ட் டிஸ்க்கை வாங்காதீர்கள். வாங்கினால் என்னிடம் சொல்லாதீர்கள்.

மருமகனே, உங்கள் மேல் கோபம் இல்லை. பிள்ளைகள் முன்னால் திருட்டைக் கொண்டாடக் கூடாது என்று நினைத்தீர்கள், அது நல்ல எண்ணம். ஆனால் தன் பொருளைக் காப்பாற்றுவதையும் அடுத்தவன் பொருளை எடுப்பதையும் ஒரே பெயரில் கூப்பிட்டால், பிள்ளைகள் இரண்டில் ஒன்றைத்தான் கற்றுக்கொள்ளும். ஒன்று, கம்பெனி சொன்னால் தன் வீட்டுப் பொருளையே தொடப் பயப்படும். இல்லையென்றால், எல்லாமே திருட்டுதான் என்றால் முழுசாகவே திருடுவோம் என்று கிளம்பும். இரண்டு வகைப் பிள்ளைகளையும் வகுப்பில் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வாருங்கள். தம்பி மகனோடு ஒரு ஆட்டம் ஆடலாம்.

புது ஆட்டம்தான். பாதியில் நிற்கிற அந்த டெஸ்ட் தொடரை அவன் திறந்து பார்த்தான். தம்பியின் அணி 212-க்கு 6 விக்கெட்டில் நிற்கிறது. ஸ்கோரைப் பார்த்துவிட்டு அப்படியே மூடி வைத்துவிட்டான். அது அவன் பங்கு. அதை என்ன செய்வது என்று அவன்தான் முடிவு பண்ண வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்,
தூத்துக்குடி

(பின்குறிப்பு: கட்டைவிரல் தூக்கிய மூன்று பேரும் இந்தப் பதிவை முழுதாகப் படித்தீர்களா என்று கேள்வி கேட்பேன். தயாராக இருங்கள்.)